பேஸ் காம்போவுக்கு இன்னொரு பாக்ஸ்: 15 இன்ச்சா, நாலு பத்தா?

கோபிப் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று உள்ள பேஸ் காம்போ (பேஸ் கிட்டாருக்கான ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வைத்திருக்கிறாராம். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம்ஸ். தனியாக ஓடினால் 300 வாட், வெளியே இன்னொரு பாக்ஸ் சேர்த்து மொத்தம் 4 ஓம்ஸ் ஆனால் 500 வாட், ‘மினிமம் 4 ஓம்ஸ்’ என்று பின்பக்கம் போட்டிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச், முகூர்த்த நாளில் ஈரோடு, திருப்பூர், சத்தி என்று ரிசப்ஷன் கச்சேரி. டிரம்ஸ்காரர் கை வைத்ததும் தன் பேஸ் தனக்கே கேட்பதில்லை என்கிறார். 15 இன்ச் ஒன்று வாங்குவதா, 10 இன்ச் நாலு உள்ள பாக்ஸ் வாங்குவதா, இல்லை ஆசாரியிடம் சொல்லிப் பாக்ஸ் அடித்துக்கொள்வதா என்பது கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. உங்கள் காம்போவில் இருக்கும் அதே 12 இன்ச் ஸ்பீக்கர், அதே கம்பெனி, அதே 8 ஓம்ஸ், தனிப் பாக்ஸாகக் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். பெரும்பாலான நல்ல கம்பெனிகள் காம்போ விற்கும்போதே அதற்கு ஜோடியாக ஒரு பாக்ஸும் விற்கிறார்கள், அது சும்மா பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று செய்ததல்ல. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஓம்ஸ், அதாவது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு. கடையில் நிற்கும்போது எல்லோரும் வாட்டையும் இன்ச்சையும்தான் கேட்கிறார்கள், ஆம்பைக் காப்பதும் கெடுப்பதும் ஓம்ஸ்தான். காம்போவின் பின்னால் இருக்கும் எக்ஸ்டென்ஷன் ஜாக் உள் ஸ்பீக்கரோடு பேரலலாக இணைந்திருக்கும். பேரலல் என்றால் ஒரே வாய்க்காலில் இரண்டாவது மடையைத் திறந்துவிட்ட மாதிரி, தண்ணீர் போக இன்னொரு வழி கிடைக்கிறது, அதனால் ஆம்ப் அதிகக் கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது. 8-ம் 8-ம் சேர்ந்தால் 4 ஓம்ஸ். 8-ம் 4-ம் சேர்ந்தால் 2.67. 4-ம் 4-ம் சேர்ந்தால் 2. உங்கள் ஆம்பில் ‘மினிமம் 4 ஓம்ஸ்’ என்று இருக்கிறது, அது மொத்த லோடுக்கு என்று எடுத்துக்கொண்டால் வெளியே போடும் பாக்ஸ் 8 ஓம்ஸாகத்தான் இருக்க வேண்டும். கடைக்காரர் 4 ஓம்ஸ் பாக்ஸைக் காட்டி ‘சும்மா ஓடும் சார், நிறையப் பேர் போடுறாங்க’ என்பார். வீட்டில் மெதுவாக வாசித்தால் ஓடத்தான் செய்யும். சித்திரை வெயிலில், ஊர் நோம்பிக்குத் திறந்த மேடையில், வால்யூமை முக்கால் தாண்டித் திருப்பி வைத்து மூன்று மணி நேரம் வாசிக்கும்போதுதான் தெரியும். நல்ல ஆம்ப் என்றால் புரொடெக்ஷனில் போய் நின்றுவிடும், பாட்டு நடுவில். மோசமான ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கொடுத்துவிட்டு நிற்கும்.

காம்போவிலேயே 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் இருந்து ஆம்பின் மினிமமும் 4 என்றால் கதை அங்கேயே முடிந்தது, வெளியே எதுவும் பேரலலாகச் சேர்க்க முடியாது. 40 வாட், 100 வாட் அளவில் வரும் சின்ன காம்போக்கள் பலவற்றில் எக்ஸ்டென்ஷன் ஜாக்கே இருக்காது. அதற்காக ஒயரை அறுத்து ஜாக் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அந்த மாதிரி காம்போவுக்கு வேறு வழி இருக்கிறது, லைன் அவுட்டில் இருந்தோ டிஐ அவுட்டில் இருந்தோ (மிக்ஸருக்குச் சிக்னல் மட்டும் அனுப்பும் ஜாக்குகள்) ஒயர் எடுத்து ஒரு ஆக்டிவ் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் அதற்கு அதன் ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, ஓம்ஸ் கணக்கே கிடையாது. சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் ஆக்டிவ் ஸ்பீக்கர் வாடகைக்குக் கிடைக்கும், முதலில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: ‘ஸ்பீக்கர் அவுட்’ என்று எழுதிய ஜாக்கில் இருந்து மிக்ஸருக்கோ ஆக்டிவ் பாக்ஸுக்கோ ஒயர் போடாதீர்கள். அது ஸ்பீக்கரைத் தள்ளும் வோல்டேஜ், மிக்ஸரின் இன்புட் அதைத் தாங்காது.

வால்வ் ஆம்பாக இருந்தால் சட்டம் வேறு. அதில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எத்தனை ஓம்ஸ் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ அதற்கு ஏற்ற லோடு இருக்க வேண்டும், இரண்டு 8 போட்டால் ஸ்விட்சை 4-க்கு மாற்ற வேண்டும், ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் போய்விடும். நம் பக்கம் பேஸுக்கு வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் அபூர்வம், அதனால் இத்தோடு விடுகிறேன்.

இப்போது வாட். ‘300 வாட் 500 ஆகிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம்’ என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். 300-க்கும் 500-க்கும் இடையே 2.2 டெசிபல்தான் வித்தியாசம். வாட்டை அப்படியே இரட்டிப்பாக்கினாலே 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அப்படியென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வீணா என்று கேட்டால், இல்லை. வாட் கூடுவது அதில் பாதிக் கதைதான். ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் காற்றைத் தள்ளும்போது, அதே மொத்த வாட்டுக்கே அடி சத்தம் (கனமான தாழ்ந்த சத்தம்) இன்னொரு 3 டெசிபல் வரை கூடும். கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பின்) பரப்பு இரட்டிப்பானதன் பலன் அது. இரண்டையும் கூட்டினால் 5 டெசிபல் பக்கம் வருகிறது, மேடையில் அது நன்றாகவே தெரியும். அதோடு ஒவ்வொரு கோனும் முன்பு ஓடிய தூரத்தை விடக் குறைவாக ஓடினால் போதும் என்பதால், குறைந்த ஸ்வரங்களில் வரும் அந்த ‘பர்ர்’ சத்தமும் தள்ளிப் போகிறது.

அதனால் பாக்ஸ் வாங்கும்போது வாட் எண்ணுக்கு முன்பு பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 95 டெசிபல் உள்ள பாக்ஸையும் 98 டெசிபல் உள்ள பாக்ஸையும் பக்கத்தில் வைத்தால், முதலாவது இரண்டாவதற்கு ஈடாகச் சத்தம் போட இரண்டு மடங்கு வாட் கேட்கும். ‘1000 வாட் தாங்கும்’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் அதன் காயில் (கோனை ஓட்டும் கம்பிச் சுருள்) அவ்வளவு சூட்டைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், அவ்வளவு சத்தம் வரும் என்று இல்லை. இன்னொன்று, பேஸ் ஸ்பீக்கர் சூட்டில் சாவதற்கு முன்பு பெரும்பாலும் கோன் ஓடும் தூரம் தீர்ந்துபோய்த்தான் சாகிறது. அந்த எல்லையைச் சில கம்பெனிகள் ஸ்பீக்கரின் விவரத்தாளில் மில்லிமீட்டரில் கொடுப்பார்கள், கொடுத்திருந்தால் வாட்டை விட அதைப் பாருங்கள்.

உங்களுக்கு எத்தனை வாட் தாங்கும் பாக்ஸ் வேண்டும் என்றால், மொத்தம் 500 வாட், இரண்டும் 8 ஓம்ஸ், ஆளுக்குப் பாதி, 250. அதனால் 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) எழுதிய நேர்மையான பாக்ஸ் போதும். ‘பீக்’, ‘பிஎம்பிஓ’ என்று பெரிதாக்கி எழுதிய எண்ணை அப்படியே மறந்துவிடுங்கள்.

இனி உங்கள் நிஜக் கேள்வி, 15-ஆ, நாலு 10-ஆ என்பது. ‘15 இன்ச் போட்டால்தான் அடி வரும், 10 இன்ச் சுள்ளென்று அடிக்கும், இரண்டையும் சேர்த்தால் எல்லாம் கிடைக்கும்’ என்பது கோவையில் இருந்து சேலம் வரை எல்லோர் வாயிலும் இருக்கும் வாக்கியம், எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. கோனின் விட்டத்தைப் பார்த்து அடி எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. பாக்ஸின் உள் கன அளவு, போர்ட் (பாக்ஸில் காற்று போய்வர விடும் ஓட்டை) எந்த ஹெர்ட்ஸுக்கு டியூன் ஆகியிருக்கிறது, ஸ்பீக்கரின் காந்தமும் சஸ்பென்ஷனும் எப்படி, இவை சேர்ந்துதான் முடிவு செய்யும். ஃபெண்டர் கம்பெனி 1951-ல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தது, அதற்கென்று 1952-ல் வந்த பேஸ்மேன் ஆம்பில் இருந்தது ஒற்றை 15 இன்ச் ஸ்பீக்கர். சில வருஷத்திலேயே அவர்களே 10 இன்ச் நாலு வைத்து மாற்றிவிட்டார்கள். 1969-ல் ஆம்பெக் எஸ்விடி என்று 300 வாட் வால்வ் ஆம்ப் வந்தது, அதோடு வந்த பாக்ஸில் இருந்தது எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர், போர்ட்டே இல்லாத மூடிய பாக்ஸ். உலகத்தில் பெரிய மேடைகளில் ராக் பேஸ் என்றால் இந்தச் சத்தம்தான் என்று பதிந்துபோனது அந்த 10 இன்ச்களால்தான். அதன் இப்போதைய வடிவமே 58 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கிவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் இறங்கிவிடுகிறது. உங்கள் பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதாவது அந்தப் பிரம்மாண்டமான பாக்ஸ் கூட ஈ கம்பியின் அடி ஸ்வரத்தை முழுசாகக் கொடுப்பதில்லை, நாம் கேட்பது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலே வருவதும்தான். காது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. 5 கம்பி பேஸின் பி 31 ஹெர்ட்ஸ், அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உங்கள் 12-ஓடு வேறு கம்பெனி 15-ஐச் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டு பாக்ஸும் வேறு வேறு ஹெர்ட்ஸுக்கு டியூன் ஆனவை. அந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள ஸ்வரங்களில் ஒரு கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று சரியாக அதே நேரத்தில் தள்ளாது, கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். சேர வேண்டிய இடத்தில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஏ அடித்தால் குண்டாக வரும், இரண்டு ஃப்ரெட் தள்ளி ஜி அடித்தால் ஆளைக் காணோம். சில ஜோடிகள் நன்றாகவே சேரும், அதையும் சொல்லியாக வேண்டும், ஆனால் எது சேரும் என்பது வாங்கும் முன் தாளைப் பார்த்துத் தெரியாது, உங்கள் காம்போவை டிக்கியில் போட்டுக்கொண்டு கடைக்கே போய்ப் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் தெரியும்.

நாலு 10 வேறு பிரச்சினை. 8 ஓம்ஸ் நாலு பத்து என்றால் மொத்த 500-ல் அதற்கு 250 வாட் போகும், உள்ளே நாலாகப் பிரிந்து ஒவ்வொரு கோனுக்கும் 62 வாட் சொச்சம், அவை ஹாயாக ஓடும். உங்கள் காம்போவின் ஒற்றை 12-க்கு முழு 250 வாட். ஆக வால்யூம் ஏற்ற ஏற்ற முதலில் கத்துவது உங்கள் காம்போதான், நாலு பத்து இன்னும் கொஞ்சம் கொடு என்று காத்துக்கொண்டிருக்கும். போதாததற்கு அதே வாட்டுக்கு நாலு பத்து அதிகச் சத்தம் போடும் என்பதால் காம்போவின் ஸ்பீக்கர் ஒப்புக்குத்தான் கூட இருக்கும், முதலில் கிழியப்போவதும் அதுதான். நாலு பத்து வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரு தனி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) வாங்கி அதோடு ஓட்டுங்கள், நன்றாக இருக்கும். காம்போவுக்குத் துணையாக அது பொருந்தாது. அதே 12 கிடைக்கவே இல்லை என்றால் என் இரண்டாவது தேர்வு 10 இன்ச் இரண்டு உள்ள 8 ஓம்ஸ் பாக்ஸ். 12 இன்ச் ஒன்றின் கோன் பரப்பு சுமார் 530 சதுர சென்டிமீட்டர், 10 இன்ச் இரண்டு சேர்ந்தால் 700. ரொம்ப ஏற்றத்தாழ்வு இல்லை, சுமையும் ஒரே ஆள் தூக்கும் அளவு.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் கேள்வியின் இன்னொரு பாதிக்கு வருகிறேன், ஏனென்றால் ‘என் பேஸ் எனக்கே கேட்கவில்லை’ என்பதற்குக் காரணம் பல நேரம் சத்தம் போதாமல் இருப்பதே அல்ல. காம்போ தரையில் இருக்கிறது, உயரம் ஒன்றரை அடி. நீங்கள் அதற்கு முன்னால் நாலடி தள்ளி நிற்கிறீர்கள். ஸ்பீக்கர் உங்கள் முழங்காலைப் பார்த்து வாசிக்கிறது. அடி சத்தம் எல்லாத் திசையிலும் பரவும், ஆனால் ஒரு ஸ்வரத்தை இன்னது என்று அடையாளம் காட்டும் மிட் சத்தம் டார்ச் அடித்தது போல நேராகப் போகும், 12 இன்ச்சில் 1 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டியதும் இது நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் உங்களுக்கு வெறும் உறுமல்தான் கேட்கிறது, முதல் வரிசையில் மொய் எழுதக் காத்திருக்கும் பெரியவருக்கு முழு பேஸும் காதிலேயே விழுகிறது, அவர் திரும்பித் திரும்பி முறைக்கிறார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பெரிய லாபம் என்னைக் கேட்டால் வாட்டும் இல்லை, பரப்பும் இல்லை, உயரம்தான். அதைக் கீழே வைத்துக் காம்போவை அதன் மேல் ஏற்றினால் மேல் ஸ்பீக்கர் இரண்டடிக்கு மேலே வந்துவிடும், கொஞ்சம் பின்னால் சாய்த்தால் காதைப் பார்க்கும்.

அதனால் காசு செலவழிக்கும் முன் அடுத்த கச்சேரியில் காம்போவை மட்டும் ஒரு கெட்டியான மர ஸ்டூல் மேலோ பெஞ்ச் மேலோ ஏற்றி வையுங்கள். மண்டபத்துப் பிளாஸ்டிக் சேர் வேண்டாம், அது தன் பங்குக்கு ஒரு கடகட சத்தம் சேர்க்கும், ஆம்பும் வழுக்கி விழும். ஈக்வலைசரில் பேஸும் டிரெபிளும் ஏற்றி மிட்டைக் குறைத்து வைத்திருந்தால் மிட்டை நேராக்குங்கள், 250-ல் இருந்து 500 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றினாலும் தப்பில்லை. வீட்டில் தனியாக வாசிக்கும்போது கேவலமாக இருக்கும், கிக் டிரம்மும் கீபோர்டும் வந்தபின் அதுதான் கேட்கும். அப்புறம் கீபோர்டுக்காரரிடம் இடது கையைக் கொஞ்சம் சும்மா வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத நாளில் அவர்தான் இடது கையால் சமாளித்திருப்பார், ஆள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. ரிதம் பேடில் இருந்தும் ஒரு கிக் வந்துகொண்டிருக்கும். மூன்று பேர் 60-ல் இருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் முண்டியடித்தால் எந்தப் பாக்ஸ் வாங்கினாலும் சேறாகத்தான் இருக்கும். இவ்வளவும் செய்து பார்த்தும் போதவில்லை என்றால் பாக்ஸ் வாங்குங்கள்.

மண்டபத்தில் ஜனங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பெரிய பாக்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். ஹாலுக்குச் சத்தம் கொடுப்பது சவுண்ட் சர்வீஸ்காரரின் வேலை, டிஐ அவுட்டில் இருந்து மிக்ஸருக்கு ஒயர் கொடுங்கள், மேடையில் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்கும் அளவு வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பேஸை அதிகம் ஏற்றினால் அது பாடகியின் மைக்குக்குள் போய்த் திரும்ப வெளியே வரும், மிக்ஸரில் இருப்பவர் என்ன செய்தாலும் ஹாலில் ஒரு கொழகொழப்பு இருக்கும். டிஐ போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தால் ஆம்பில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில், இரண்டு பின் அடாப்டரில் எல்லாவற்றையும் மாட்டி வைத்திருக்கும் இடங்களில், கையில் கம்பியும் வாயருகே மைக்கும் இருக்கிற ஆள் நீங்கள்தான், ஷாக் அடித்தால் உங்களுக்குத்தான்.

ஆசாரியிடம் பாக்ஸ் அடிப்பது. கோவை, திருப்பூர், ஈரோட்டில் இதற்குக் கைத்திறமைக்குப் பஞ்சமே இல்லை, 18 மில்லி பிளைவுட்டில் அழகாக இழைத்து, ரெக்ஸின் ஒட்டி, மூலைக்குத் தகரம் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் அளவெல்லாம் மைக் செட்டுக்கு அடித்த டாப், பேஸ் பின் அளவுகள். பேஸ் பின் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக்குக் கீழே உழைக்கச் செய்தது, அதில் பேஸ் கிட்டாரைப் போட்டால் ஸ்வரமே தெரியாமல் வெறும் அதிர்வு வரும். ஸ்பீக்கரை வாங்கிவிட்டு ‘எந்த சைஸ் பெட்டியில் நுழையும்’ என்று பார்ப்பது தலைகீழ். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் ஒரு கட்டுரை எழுதினார், பிறகு ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கரின் சில எண்களை அளந்துவிட்டால் அதற்கு எத்தனை லிட்டர் பாக்ஸ் வேண்டும், போர்ட் எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்பது அவர்கள் வேலையின் சாரம். இன்று எமினன்ஸ், செலஸ்டியன், ஃபெய்டல் மாதிரி கம்பெனிகள் அந்த எண்களை ஸ்பீக்கரோடு வெளியிடுகிறார்கள், வின்ஐஎஸ்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டால் கோடு வரைந்து காட்டிவிடும். எண்கள் தராத ஸ்பீக்கருக்குப் பாக்ஸ் அடிக்காதீர்கள், குருட்டாம்போக்குத்தான்.

‘சின்னப் பாக்ஸாக இருக்கட்டும், அடியும் வரட்டும், கம்மி வாட்டில் சத்தமும் போடட்டும்’ என்று மூன்றையும் யாரிடமும் கேட்காதீர்கள். அமெரிக்காவில் ஆண்டன் ஹாஃப்மன் என்று ஒருவர், கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் இருக்கும் ‘எச்’ அவர்தான். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்ற கணக்கு அவர் பெயரில்தான் வழங்குகிறது. நம் ஆசாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை மாற்ற முடியாது.

அடிப்பதாகவே முடிவு செய்தால் சில விஷயம். தண்ணீர் தாங்கும் தரத்துப் பிளைவுட் கேளுங்கள், பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், ஒரு மழை நாளில் லோடு இறக்கும்போது ஊறிவிடும். உள்ளே முன் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். ஸ்பீக்கரை மர ஸ்க்ரூவில் முடுக்காமல், பலகைக்குப் பின்னால் டீ-நட் அடித்துப் போல்ட்டில் முடுக்கச் சொல்லுங்கள், அதிர்வில் மர ஸ்க்ரூ தளரும். காற்று கசியக் கூடாது, ஜாக் தட்டைச் சுற்றிக்கூட ஃபோம் வைக்க வேண்டும். முதல் நாள் பேஸின் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக மெதுவாக வாசித்துக் கேளுங்கள், எங்காவது ஒரு ஸ்வரத்தில் ‘சிர்ர்’ என்று வந்தால் கைப்பிடியோ கிரில்லோ ஆடுகிறது.

பழைய பாக்ஸ் வாங்கலாமா என்றால் தாராளமாக. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் இல்லை, கச்சேரியும் குறைவு, விலை பேச அதுதான் நேரம், தை பிறந்துவிட்டால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். போகும்போது ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஓம்ஸ் பாக்ஸ் மீட்டரில் 6 சுமாருக்குக் காட்டும், 5.5-ல் இருந்து 7 வரை சரிதான், பயப்பட வேண்டாம், மீட்டர் அளப்பது வெறும் காயிலின் ரெசிஸ்டன்ஸை. 3, மூன்றரை என்று காட்டினால் அது 4 ஓம்ஸ் பாக்ஸ், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. கிரில்லைக் கழற்றி இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள், உரசல் சத்தம் கேட்டால் காயில் இடம் மாறியிருக்கிறது. போர்ட் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், கருகிய வார்னிஷ் வாசம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ‘கோன் மாற்றினது சார், புதுசு மாதிரி’ என்றால் விலையைக் குறையுங்கள், நம் ஊர்களில் ரீகோன் செய்பவர்கள் வேலை சுத்தமாகச் செய்வார்கள், ஆனால் கம்பெனி கோனும் ஸ்பைடரும் (கோனை நடுவில் பிடித்திருக்கும் பாகம்) கிடைக்காமல் கிடைத்ததைப் போட்டிருந்தால் அது இப்போது வேறு ஸ்பீக்கர்.

வாங்கி வந்ததும் இரண்டு பாக்ஸும் ஒரே பக்கம் தள்ளுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆம்பில் இருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பாக்ஸின் பிளஸ்ஸிலும் மைனஸிலும் ஒரு பேட்டரி செல்லை நொடி நேரம் தொட்டு எடுங்கள், கோன் வெளியே வர வேண்டும். காம்போவிலும் அதே மாதிரி, உள் ஸ்பீக்கரின் ஒயரை ஆம்பில் இருந்து பிரித்துவிட்டுச் செய்யுங்கள். ஒன்று வெளியே வந்து இன்னொன்று உள்ளே போனால் இரண்டும் சேர்ந்து ஓடும்போது அடி சத்தம் மாயமாகிவிடும், ஒற்றை காம்போ வாசித்ததை விட மோசமாக இருக்கும். ‘புது பாக்ஸ் போட்டதும் பேஸே இல்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஒயர். கிட்டார் கேபிளைப் போடாதீர்கள், இரண்டு முனையும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கம்பியும் சுற்றி ஷீல்டும்தான் இருக்கும், அவ்வளவு கரண்டில் சூடாகும், உருகி ஷார்ட் ஆனால் ஆம்ப் காலி. எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 1.5 அல்லது 2.5 சதுர மில்லி செம்பு ஃப்ளெக்சிபிள் ஒயர், இரண்டு கோர், ஒன்றரை மீட்டர் போதும். இரண்டு பக்கமும் ஸ்பீக்கான் ஜாக் இருந்தால் ஸ்பீக்கான் பிளக்கையே போடுங்கள், 1 பிளஸ், 1 மைனஸ், உள்ளே ஸ்க்ரூ முடுக்கினால் வேலை முடிந்தது, திருப்பிப் பூட்டிக்கொள்வதால் யாராவது கால் தடுக்கினாலும் கழன்று வராது. சில கிளாஸ் டி ஆம்ப்களில் மைனஸ் முனையும் கிரவுண்டும் ஒன்றல்ல, பழைய கால் இன்ச் பிளக்கின் இரும்பு எதையாவது தொட்டால் வம்பு, அதனாலும் ஸ்பீக்கான்தான் நல்லது.

மேடையில் வைக்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாக, நேர் கோட்டில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேடையின் ஓரத்தில் நிற்பவருக்கு இரண்டு ஸ்பீக்கரில் இருந்தும் சத்தம் கொஞ்சம் முன்பின்னாக வந்து மிட் சில இடங்களில் ஓட்டை விழும். பின் சுவரை ஒட்டி வைத்தால் அடி கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும், சில மண்டபங்களில் அது தொல்லையாகவே போகும். பலகை போட்டு எழுப்பிய நோம்பி மேடைகள் உள்ளே வெற்றிடம், பாக்ஸின் அடியில் ஒரு கனமான ஃபோம் ஷீட் வைத்தால் மேடையே சேர்ந்து முழங்குவது குறையும்.

கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியின் டிக்கியை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், காம்போவும் பாக்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து நுழையாவிட்டால் ஒவ்வொரு கச்சேரிக்கும் டாடா ஏஸ் பிடிக்க வேண்டிவரும். அதற்கு முன்பு ஆம்பின் பின்பக்கத்தைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, ‘மினிமம் 4’ என்று நீங்கள் சொன்னது மொத்த லோடைப் பற்றியா, வெளியே போடும் பாக்ஸைப் பற்றியா என்று பார்த்துச் சொல்கிறேன். சில கம்பெனிகள் இரண்டாவது அர்த்தத்தில் அச்சடிக்கிறார்கள், அப்படி இருந்தால் 4 ஓம்ஸ் பாக்ஸும் உங்கள் பட்டியலுக்குள் வந்துவிடும்.